பல் வலிக்கு ஏன் காப்பீட்டு அட்டை செல்லுவதில்லை?

நீலகிரியில் பல வீடுகளில் ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு காப்பீட்டு அட்டையும் பத்திரமாக இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப் பெயர். 2009-ல் தொடங்கிய காலத்துப் பழக்கத்தில் இன்னும் பலர் ‘கலைஞர் காப்பீடு’ என்றே சொல்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நெஞ்சு வலி, புற்றுநோய் என்று வந்தபோது அந்த அட்டையால் தப்பித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் சொத்தைப் பல்லோடு அதே அட்டையைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பல் கிளினிக்கில் நீட்டினால், “இதுக்கு அது செல்லாதுங்க” என்பார்கள்.

ஐந்து லட்சம் கொடுக்கிற திட்டம், நரம்பு வரை போன சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் ஐயாயிரம் ரூபாய் ரூட் கெனாலுக்குக் கொடுக்காதா? நியாயமான கேள்விதான். பதில் அரசுத் திட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. பணம் கட்டி வாங்கும் தனியார் ஹெல்த் பாலிசியிலும் இதே கதைதான்.

காப்பீடு எதற்காக உண்டானது என்பதில் இருந்து பார்ப்போம். வருமா வராதா என்று தெரியாது, வந்தால் தாங்க முடியாது. அப்படிப்பட்ட செலவுக்குத்தான் காப்பீடு. ஆயிரம் குடும்பம் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறது. அந்த வருடம் அதில் ஒரு சில வீட்டில்தான் பெரிய ஆபரேஷன் வருகிறது. எல்லோரும் போட்ட பணம் அந்தச் சில வீட்டுக்குப் போகிறது. மற்றவர்கள் ‘நமக்கு வரவில்லை’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இந்தக் கணக்கு ஓட வேண்டுமென்றால், கேட்டு வருகிறவர்கள் குறைவாகவும் போடுகிறவர்கள் நிறையவும் இருக்க வேண்டும்.

பல் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, வாய் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு நோய் இருக்கிறது. எல்லோருமே பணத்தைத் திருப்பி எடுக்கப் போகிறார்கள் என்றால் அது காப்பீடு இல்லை, ஏலச்சீட்டு. சீட்டில் நாம் போட்டதுதான் நமக்கு வரும், கம்பெனி கமிஷன் போக.

இன்னொரு சிக்கல், பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட முடியும் என்பது. மாரடைப்பை யாரும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. சொத்தைப் பல்லோடு இரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அப்படி ஓட்டுகிறவர், பாலிசி எடுத்த மறு வாரமே கிளினிக்கில் போய் உட்காரலாம். கம்பெனிகள் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1948-ல் பிரிட்டன் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும் இலவசம். அதுவரை அடக்கி வைத்திருந்த தேவையெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது. போட்ட பட்ஜெட் போதவில்லை. 1951-ல் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் என்று அரசு முடிவெடுத்தது. அந்தச் சேவையையே உருவாக்கிய அனைரின் பெவன் அதை எதிர்த்து மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 1954-ல் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்தோடு பேசி, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பல் மருத்துவத் திட்டத்தை வாங்கியது. அங்கே பல் காப்பீடு தனி வியாபாரமாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு தொடக்கம். ஆனால் அதில் ஆண்டு உச்சவரம்பு உண்டு. பல பாலிசிகளில் வருடத்துக்கு 1,000, 1,500 டாலருக்கு மேல் கிடைக்காது. பெரிய செலவு வந்தால் கை கொடுப்பதுதான் காப்பீடு என்போம். இங்கே பெரிய செலவு வந்ததும் கையை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பல்லுக்குத் தனி பாலிசி இருக்கிறது, இங்கே இல்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இனி நம் ஊர் பாலிசிக்கு வருவோம். சாதாரண ஹெல்த் பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுப்பதற்கானது. பொதுவாக 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். கண்புரை போன்ற சில ஆபரேஷன்களுக்கு மட்டும் ஒரே நாளில் வீடு திரும்பினாலும் பணம் வரும். பல் வைத்தியமோ பெரும்பாலும் ஓ.பி.யில், ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி முடிகிற விஷயம். அடைப்பது, பிடுங்குவது, க்ளீனிங், ரூட் கெனால், எதற்கும் கட்டில் தேவையில்லை. கட்டில் இல்லையென்றால் கிளெய்ம் இல்லை. போதாததற்கு, பாலிசிப் புத்தகத்தில் ‘விலக்குகள்’ என்ற பக்கத்தில் பல் சிகிச்சை என்று தனியாகவே எழுதியிருப்பார்கள், ‘விபத்தால் ஏற்பட்டது தவிர’ என்ற வால் ஒட்டி.

அந்த வால் முக்கியம். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மழை நாளில் பர்லியாறு பக்கம் பைக் வழுக்கி விழுந்து, தாடை உடைந்து, முன்பல் இரண்டு போய் அட்மிட் ஆகிறார் ஒருவர். தாடைக்கும் பணம் வரும், பல்லுக்கும் வர வாய்ப்புண்டு. அதே இரண்டு பல் சொத்தையாகிப் போயிருந்தால் ஒரு பைசா வராது. அரசு அட்டையும் ஏறக்குறைய இப்படித்தான். தாடை ஆபரேஷன், வாய்ப் புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சை அதில் உண்டு. வாய்ப்புண் புற்றாகும் வரை காத்திருந்தால் லட்சக்கணக்கில் கொடுக்கும் திட்டம், கூராக உடைந்து கன்னத்தை உரசிக்கொண்டிருக்கும் பல்லைச் சரிசெய்ய நூறு ரூபாய் கொடுக்காது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. திட்டம் அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு அட்டையைப் பயன்படுத்துவது நல்லது.

ஓ.பி. செலவுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பாலிசிகள் இப்போது இருக்கின்றன. சில ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழு பாலிசியிலும் பல் சேர்ந்திருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கட்டபெட்டில் இருக்கும் அப்பா அம்மாவை அதில் சேர்த்திருந்தால், அவர்களுக்கும் இது பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். தனியாக வாங்குவதென்றால் மூன்று விஷயத்தைத் துருவிக் கேட்க வேண்டும். காத்திருப்புக் காலம் எவ்வளவு. பாலிசி எடுத்த எத்தனையாவது மாதத்தில் இருந்து பல்லுக்குப் பணம் தருவார்கள்? துணை வரம்பு எவ்வளவு; ஐந்து லட்சம் என்று அட்டையில் இருந்தாலும் பல்லுக்கு மட்டும் ஐயாயிரம் என்று உள்ளே ஒளிந்திருக்கும். மூன்றாவது, அவர்கள் பட்டியலில் உள்ள கிளினிக் எங்கே இருக்கிறது?

மலையில் இருப்பவர்களுக்கு மூன்றாவதுதான் முதல் கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். ஓ.பி. வசதிக்காகக் கூடுதல் பிரீமியம் வருடம் 2,500 ரூபாய், பல்லுக்கு வரம்பு 5,000, காத்திருப்பு ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் பயனில்லை. இரண்டாம் வருடம் ஒரு ரூட் கெனாலும் அந்தப் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பும் சேர்ந்து ஒன்பதாயிரம் ஆனால், 5,000 வரும். அதற்குள் நீங்கள் கட்டியதும் 5,000. பட்டியலில் உள்ள கிளினிக் கோவையில்தான் என்றால், மஞ்சூரில் இருந்து மூன்று முறை கீழே இறங்கி ஏறும் செலவு தனி. என்னைக் கேட்டால், சொந்தக் காசில் பல்லுக்காக மட்டும் இப்படி ஒரு பாலிசி வாங்குவது மலைவாசிகளில் பெரும்பாலோருக்குத் தண்டச் செலவு. கம்பெனியே கட்டுகிறது என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பணத்தை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். மலையில் ஒரு பல்லின் விலையைக் கிளினிக் பில் சொல்லாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. முதல் வாரம் கிராம்பை அந்தப் பல்லில் அடக்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார். கிராம்பில் உள்ள எண்ணெய்க்கு உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும் குணம் உண்டு. பல் மருத்துவர் தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்திலும் அதே எண்ணெய்தான் சேர்கிறது. அதனால் வலி அடங்கும், சொத்தை அடங்காது. அடுத்த வாரம் பஞ்சில் நீலகிரித் தைலம். அதற்கும் அடுத்து மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. கன்னம் வீங்கிக் கொழுந்துக்கூடையின் பட்டை நெற்றியில் அழுத்தும்போது தலையே வெடிக்கிற மாதிரி ஆன பிறகுதான் டாக்டரிடம் போவது.

அதற்குள் பல்லில் என்ன நடந்திருக்கும்? வெளி ஓட்டில் மட்டும் சொத்தை இருந்தபோது வலியே இருந்திருக்காது. அன்றைக்கு அடைத்திருந்தால் சில நூறு ரூபாய், ஒரே ஒரு தடவை போனால் போதும். ஓட்டைத் தாண்டி உள்ளே இறங்கியதும் கூச்சம் தொடங்கும். மார்கழிக் குளிரில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் எல்லோருக்கும்தான் கூசும் என்று அதை விட்டுவிடுவார்கள். நரம்பைத் தொட்ட பிறகு இருக்கும் வழி இரண்டு: ரூட் கெனால் அல்லது பிடுங்குவது. ரூட் கெனாலுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை போக வேண்டும். ஒரு நாள் போனால் நானூறு ரூபாய்க்கு மேல் கூலி போச்சு. மூன்று நாள் என்றால் கூலியே ஆயிரத்துச் சொச்சம், அதற்கு மேல் சிகிச்சைச் செலவு. பிடுங்குவதோ ஒரே நாள். “எடுத்து விட்டுடுங்க டாக்டர்” என்று அவர் சொல்வதை அறியாமை என்று நினைப்பது தப்பு. அவர் கையில் இருக்கும் கணக்குக்கு அதுதான் சரியாக வருகிறது. ஆனால் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றாகப் போனால் நாற்பத்தைந்து வயதில் வறுத்த கடலையைக் கூட மெல்ல முடியாது. பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். அந்த விலையை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

பஸ் கட்டணம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்ற திட்டம் 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. ஆனால் பஸ் இலவசம் என்பதால் பஸ் அடிக்கடி வரும் என்று ஆகிவிடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஊட்டி ஐம்பது கிலோமீட்டரும் அதற்கு மேலும். அதனால் பலர் எல்லை தாண்டி கேரளாவின் சுல்தான் பத்தேரிக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைக்கு வாங்கிய டோக்கன் வீண்.

இதோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்துகொள்ளும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பார்கள், போகாது. க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள். பல்லில் வருடக்கணக்கில் கெட்டியாகப் படிந்த அழுக்கு, அதாவது காரை, ஈறைத் தின்று பல்லை ஏற்கெனவே ஆட்டிவிட்டிருக்கும். காரை பிடித்து வைத்திருந்ததால் அது தெரியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். பால் பல் எப்படியும் விழப்போவதுதானே என்பது மூன்றாவது. விழப்போவதுதான், ஆனால் கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. முன்னாலேயே போனால் அடுத்து முளைக்கும் பல்லுக்கு இடம் கோணிவிடும். பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளின் பல்லையும் பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பதே ஒரு நல்ல ஆரம்பம்.

வெற்றிலை புகையிலை போடும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் விடவில்லை. குளிருக்கு இதமாக இருக்கிறது, பசி தெரியாது என்று காரணம் சொல்வார்கள். வாயில் ஒரு புண் அல்லது வெள்ளைத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். வலி இல்லாத புண்தான் இதில் ஆபத்து.

சரி, காப்பீடு மலைக்கு ஒத்தே வராதா? வரும். அதற்கு உதாரணம் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கூடலூரில் பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர் மக்கள் 1980களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர்கள் அந்த மக்களுக்குள்ளேயே பயிற்சி பெற்றார்கள். 1990-ல் அஷ்வினி அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. 1992-ல்தான் சங்க உறுப்பினர்களுக்கான காப்பீடு. இந்தியாவின் ஆரம்பகாலச் சமூக மருத்துவக் காப்பீடுகளில் அதுவும் ஒன்று என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது பல்லுக்கான திட்டம் இல்லை. ஆனால் அது நடந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் ஊருக்குள் ஆள், அப்புறம் ஆஸ்பத்திரி, கடைசியில் காப்பீடு. பிரீமியம் கட்டுகிறவருக்கு அந்தப் பணம் எந்தக் கட்டிடத்தில், யார் கையால் சிகிச்சையாக மாறும் என்று தெரியும்.

பல் விஷயத்தில் நாம் இந்த வரிசையை மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். காப்பீடு பில்லுக்குப் பணம் கொடுக்கும். பில் போடவே பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் இல்லாத ஊரில் அது என்ன செய்யும்? குந்தா பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் முழுவதும் ஒரு பல் நாற்காலி வேலை செய்தால், எந்தப் பாலிசியையும் விட அது அந்த ஊருக்கு மதிப்பு. கிராம சபையில் தண்ணீருக்கும் ரோட்டுக்கும் மனு கொடுக்கிற நாம் இதற்குக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. பிடுங்குவது, அடைப்பது, க்ளீனிங் எல்லாம் இலவசம். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டிடங்கள் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்டன. பெரிய சிகிச்சை பலவற்றுக்கு இனிக் கீழே இறங்க வேண்டியதில்லை. சுகாதார நிலையங்களில் சிலவற்றில் மட்டும் பல் மருத்துவர் இருப்பார், அதுவும் சில இடங்களில் குறிப்பிட்ட நாட்களில்தான். ரூட் கெனால் எல்லா அரசு இடங்களிலும் கிடைக்காது. கேப் பெரும்பாலும் வெளியில்தான். கேப்பின் விலை கையைக் கடித்தால், கோவைப் பக்கத்துத் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் ஒரு வழி. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் வெளிக் கிளினிக்கை விட நன்றாகவே குறைவு, நேரம் அதிகம்.

ஹோட்டல், கடை, கம்பெனி என்று வேலை பார்த்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா? அப்படியானால் பல் வைத்தியமும் அதில் சேர்ந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். பலர் பணம் பிடிக்கிறார்கள் என்று திட்டுவதோடு சரி, போய்க் கேட்பதில்லை. வெலிங்டனைச் சுற்றி முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக்குகளில் பல் மருத்துவரும் உண்டு. அந்தக் குடும்பங்களில் வலி இல்லாமலே பல்லைக் காட்டிவிட்டு வருவது சாதாரணம். அவர்களுக்குப் பல்லைப் பற்றி அக்கறை அதிகம் என்பதில்லை, கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். தோட்டங்களில் மருத்துவ வசதி செய்து தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியது. ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரி என்றால் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் என்றுதான் பழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை பல் மருத்துவரை அழைத்து வரச் சொல்லி யூனியன்கள் கேட்கலாம்.

பாலிசிக்குக் கட்ட நினைத்த அந்த 2,500 ரூபாயை வருடா வருடம் தபால் ஆபீஸில் தனியாகப் போட்டு வைத்தால், மூன்று வருடத்தில் ஒரு ரூட் கெனாலுக்கும் கேப் செலவில் ஒரு பகுதிக்கும் ஆகும். அட்மிஷனுக்கான சாதாரண ஹெல்த் பாலிசியை மட்டும் விட்டுவிட வேண்டாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைக்கும், ஐ.சி.யு. வரை போகும். வாயைத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் கெட்டியாக வீக்கம் என்றால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம், நேராக 108.

சுகாதார நிலையத்துக்குப் போவதற்கு முன், பல் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று ஆஷா பணியாளரிடமோ கிராம செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளவும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு போய், ஊசி போட்டதும் மயங்குகிறவர்கள் உண்டு, அதனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பல் எடுத்தால் அன்றைக்கு முழுவதும் சூடாக எதுவும் கூடாது, டீ உட்பட.